கன்னத்தில் வைத்த பால் பாக்கெட்: பேசாத ஓர் இளைஞனின் பல்வலி ஆறு மாதம் எங்கள் கண்ணுக்குத் தப்பிய நிகழ்வு

இது ஒரே ஒரு குடும்பத்தில் 2023 அக்டோபர் முதல் 2024 இறுதி வரை நடந்ததன் பதிவு. அம்மா, அப்பா இருவரும் படித்துப் பார்த்து, எழுதலாம் என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட இளைஞனிடம் இதற்குச் சம்மதம் கேட்கும் வழி இன்னும் எங்களிடம் இல்லை. அதனால் அவனை அடையாளம் காட்டக்கூடிய எதையும் சேர்க்கவில்லை. தெருவில் எல்லோரும் கூப்பிடுவது போல இங்கே அவனைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். நான் சிறப்பு ஆசிரியர். வாரம் இரண்டு நாள் அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். இதில் நடந்த தவறுகளில் முக்கியமான ஒன்று என்னுடையது.

பின்னணி

தம்பிக்கு அப்போது 17 வயது. தண்டையார்பேட்டைக்கும் கொருக்குப்பேட்டைக்கும் நடுவே, ரயில்வே கேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மாடிப் போர்ஷன். அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார்; மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். ஆயாவும், பி.காம். படிக்கும் அக்காவும் உண்டு.

மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பேச்சு வரவில்லை. இரண்டு மூன்று ஒலிகள் உண்டு: பசிக்கு ஒன்று, கேட்டில் ரயில் வரும்போது ஒன்று. இரண்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. அதன் பிறகு பகல்நேரப் பயிற்சி மையம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், மாநில அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் இருந்தன.

படம் ஒட்டிய 22 அட்டைகள் கொண்ட ஒரு ஃபைல் வைத்திருந்தான். வேண்டியதை உருவி நம் கையில் கொடுப்பான். தோசை, தண்ணீர், பாத்ரூம், செல்போன், மொட்டை மாடி, கேரம். அந்த ஃபைலைச் செய்துகொடுத்தவள் நான்தான். அதைப் பற்றிப் பெருமையும் இருந்தது.

வீட்டுக்கு வெளியே அவனுக்கு ஓர் இடம் இருந்தது. தெருமுனைக் கேரம் மன்றம். அங்கே துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் தினமும் மாலை பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். தம்பி ஆடமாட்டான். ஆனால் ஒவ்வொரு போர்டு முடிந்ததும் 19 காய்களையும் நடுவில் அடுக்குவது அவன் வேலை. சிவப்பு நடுவில், சுற்றிலும் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி. அவன் அடுக்கி முடித்துக் கையை எடுக்கும் வரை யாரும் ஸ்டிரைக்கரைத் தொடக்கூடாது என்பது மன்றத்தில் எழுதப்படாத சட்டம். அவசரப்பட்ட ஒரு பையனை அண்ணன் இரண்டு நாள் உள்ளே விடவில்லையாம்.

அக்டோபர், நவம்பர் 2023

அக்டோபர் மாதக் கடைசியில் தம்பி ராத்திரியில் எழ ஆரம்பித்தான். இரண்டு, இரண்டரை மணிக்கு எழுந்து, அறைக்கும் சமையலறைக்குமாக நடப்பான். பிறகு முகத்தில் அடித்துக்கொள்வது தொடங்கியது. வலது கை முஷ்டியால், விடாமல். ஒரு தடவை தொடங்கினால் பத்து நிமிடம்கூடப் போகும். அம்மாவோ அக்காவோ கையைப் பிடித்தால் அவர்களுக்கும் அடி விழும்.

நான் சொன்னபடி அக்கா ஒரு நோட்டு போட்டாள். நேரம், அதற்கு முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், நாம் என்ன செய்தோம் என்று நான்கு கட்டம். நல்ல நோட்டு அது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியதும் அதுதான். நான் அதைப் படித்த விதத்தில்தான் கோளாறு. அடித்துக்கொண்ட பிறகு எல்லோரும் ஓடி வருகிறார்கள், மடியில் போட்டுக்கொள்கிறார்கள், செல்போன் கொடுக்கிறார்கள் என்று நான்காவது கட்டத்தில் திரும்பத் திரும்ப இருந்தது. அதைப் பார்த்து 'கவனம் பெறுவதற்காகச் செய்கிறான்' என்று முடிவுகட்டினேன். அடிக்கும்போது பெரிதாகக் கண்டுகொள்ளாதீர்கள், அடிக்காத நேரத்தில் கூடப் பேசுங்கள் என்றேன். இப்போது படித்தால் முதல் கட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது: ராத்திரி 2.10, 2.40, 1.50. சாயங்காலம் டீக்குப் பிறகு. ரசம் சாதத்துக்குப் பிறகு. எல்லோரும் தூங்கும் நடுராத்திரியில் எழுந்து யாருடைய கவனத்தைப் பெறப்போகிறான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அதே நாட்களில் புதிதாக ஒரு பழக்கம். காலையில் பால் வந்ததும் நீலப் பாக்கெட்டை எடுத்து வலது கன்னத்தில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவான். சில்லென்று இருக்கும் வரை கொடுக்க மாட்டான். பாக்கெட் கிடைக்காத நேரத்தில் இரும்பு பீரோவில் கன்னத்தை அழுத்திக்கொண்டு நிற்பான். குளிர்ச்சி, சொரசொரப்பு, சத்தம் இவற்றின் மேல் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அலாதியான ஈர்ப்போ வெறுப்போ இருப்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம். அதனால் இதையும் அந்தக் கணக்கில் எழுதிவிட்டோம். எல்லாவற்றுக்கும் ஆட்டிசமே பதில் என்று ஆகிவிட்டால் வேறு கேள்வி எழுவதில்லை.

ஆயா மட்டும் ஒன்று சொன்னார். "இன்னா மிஸ், டீய சூடா குட்ச்சிக்கினு இருந்த புள்ள. இப்போ ஆறிப் பச்சத் தண்ணி ஆனாத்தான் தொட்றான்." நான் தலையாட்டினேன். நோட்டில் எழுதச் சொல்லவில்லை.

டிசம்பர்: வெள்ளமும் மாத்திரையும்

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழை. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் தெருவெல்லாம் முழங்காலுக்கு மேல் தண்ணீர், பல நாள் கரண்ட் இல்லை. மாடி வீடு என்பதால் உள்ளே தண்ணீர் வரவில்லை. ஆனால் மன்றம் மூழ்கியது, மையம் மூடியது, அப்பா ஆந்திரா பக்கம் லாரியோடு மாட்டிக்கொண்டார். அந்த நாட்களில்தான் தம்பி மிக மோசமாக அடித்துக்கொண்டான். வலது கன்னம் கன்றிப்போனது.

காரணம் கண்ணுக்கு எதிரே இருப்பதாக எல்லோரும் நினைத்தோம்: வழக்கம் குலைந்தது, இருட்டு, பயம். ஓரளவு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் சென்னையில் பாலும் கிடைக்கவில்லை, ஃபிரிட்ஜும் ஓடவில்லை. கன்னத்தில் வைக்க அவனுக்குக் குளிர்ச்சியாக எதுவும் இல்லை. இந்த முடிச்சு எனக்கு அவிழ்ந்தது ஏப்ரலில்.

டிசம்பர் நடுவில் மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். ஏற்கெனவே குறைந்த அளவில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரிஸ்பெரிடோன் மாத்திரையை அவர் கூட்டினார். ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சலுக்கும் ஆவேசத்துக்கும் பரவலாகக் கொடுக்கும் மருந்து அது; அமெரிக்காவில் 2006இல் இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைத்தது. மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. "உடம்பில் வேறு ஏதாவது?" என்று அவர் கேட்டபோது, "இல்லை சார், நடத்தைப் பிரச்சினைதான்" என்று பதில் சொன்னது நான்.

எழுத்துப் பலகை

ஜனவரி தொடக்கத்தில் அம்மாவுக்குத் தெரிந்தவர் மூலம் ஒரு தன்னார்வ வழிகாட்டி சனி, ஞாயிறுகளில் வர ஆரம்பித்தார். பணம் வாங்காதவர். தம்பியிடம் காட்டிய பொறுமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அவர் முறை இது: ஆங்கில எழுத்துகள் 26 அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒரு கையில் தூக்கிப் பிடிப்பார். இன்னொரு கை தம்பியின் முழங்கையைத் தாங்கியிருக்கும். தம்பி ஒவ்வொரு எழுத்தாகத் தொட, அவர் சொல்லிக்கொண்டே எழுதுவார்.

முதல் ஞாயிறே ஒரு வாக்கியம் வந்தது. அதன் பொருள், 'அம்மா, நான் உள்ளே இருக்கிறேன்.' 17 வருடம் பிள்ளையிடமிருந்து ஒரு சொல்கூடக் கேட்காத தாய். தையல் மெஷின் மேல் தலையை வைத்து அழுதார். பிறகு அந்த வாக்கியங்களை எழுதிவைக்க நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றைத் தனியாக வாங்கினார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. வீட்டில் பேசுவது தமிழும் கொஞ்சம் தெலுங்கும். இரண்டாம் வகுப்போடு நின்ற பையனுக்குப் பிழையில்லாத ஆங்கிலம் எங்கிருந்து வந்தது? உடனே இன்னொரு கேள்வியும் வந்தது: தெரியாது என்று சொல்ல நான் யார்? பேசாததால் ஒன்றும் தெரியாது என்று நினைப்பது எங்கள் தொழிலில் பழைய பாவம். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஜனவரி கடைசியில் அடித்துக்கொள்வது குறைந்தது. ராத்திரி தூங்கினான். மாத்திரை கேட்கிறது என்றார் அப்பா. மனசில் இருப்பதைச் சொல்ல வழி கிடைத்ததால் அமைதியாகிவிட்டான் என்றார் அம்மா. பல் மருத்துவர் பின்னால் சொன்ன விளக்கம் வேறு: சொத்தை உள்ளே இறங்கிப் பல்லின் நரம்பு செத்துப்போகும் கட்டத்தில் வலி தானாக அடங்கும். நோய் தீர்ந்தது போலத் தோன்றும். வேரடியில் சீழ் கட்டியதும் திரும்ப வரும்.

பிப்ரவரியில் பலகையில் ஒரு புதுச் செய்தி: மையம் பிடிக்கவில்லை, அங்கே ஒரு டீச்சர் கத்துகிறார். அடித்துக்கொண்டதும் அதனால்தான். குடும்பம் அவனை மையத்திலிருந்து நிறுத்திவிட்டது. அந்த டீச்சரிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தம்பி அவர் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடப்பவன் என்பது எனக்குத் தெரிந்திருந்தும்.

மார்ச் 2024: தாடை

மார்ச் முதல் வாரம் எல்லாம் திரும்பியது, முன்னைவிட வேகமாக. மையத்துக்குப் போகாமலிருந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நோட்டில் சனி, ஞாயிறுக்கும் மற்ற நாட்களுக்கும் வித்தியாசமே இல்லை.

ஒரு மாலை கேரம் அண்ணன் என்னை மன்றத்து வாசலில் நிறுத்தினார். "மிஸ், எல்லாரும் தலையில அட்ச்சிக்கிறான், தலையில அட்ச்சிக்கிறான்னு சொல்றீங்க. நான் ஒரு வாரமா பாக்கறேன். அவன் அடிக்கிறது தலையில இல்ல. இங்க." தன் வலது காதுக்குக் கீழே, தாடை மடங்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "ஒரு தடவகூட எடம் மாறல. ஸ்டிரைக்கர் அடிக்கிற மாதிரி ஒரே எடம்." இன்னொன்றும் சொன்னார். மன்றத்தில் கொடுக்கும் வேர்க்கடலையைத் தம்பி இப்போது இடது பக்கமாகத் தள்ளித் தள்ளி மெல்கிறான். சில நாள் துப்பிவிடுகிறான்.

ஐந்து மாதமாக நோட்டில் 'தலை' என்றே எழுதிவந்தோம். நான் கொடுத்த வார்த்தை அது.

அன்று ராத்திரி நவம்பர் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பேச முடியாத பிள்ளைகளின் வலியை அளக்க 30 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. முனகல், முகச் சுளிப்பு, சாப்பாடு, தூக்கம், உடம்பின் ஒரு பகுதியைக் காப்பது என்று இரண்டு மணி நேரம் கவனித்து மதிப்பெண் போடுவது. 7 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். படிக்கும் காலத்தில் பாடமாகப் படித்ததுதான். மறுநாள் அக்காவும் நானும் தனித்தனியாகப் போட்டோம். இருவருக்கும் 7ஐத் தாண்டிப் போனது.

பலகையைச் சோதித்தது

குடும்பத்திடம் சொன்னேன்: வலி போலத் தெரிகிறது, முதலில் பல்லைப் பார்க்கலாம். அம்மா, "அவனையே கேட்டுடலாம்" என்றார். ஞாயிறு பலகையில் கேட்டார்கள். வலி இல்லை, மனசுதான் வலிக்கிறது என்று வந்தது.

இங்கேதான் நான் தள்ளிப்போட்டு வந்ததைச் செய்ய வேண்டியிருந்தது. பலகையில் வருவது தம்பியின் வார்த்தை என்றால், பல்லைக் குடைவது அவன் சொல்லை மீறுவதாகும். அவன் வார்த்தை இல்லையென்றால், யாரோ ஒருவரின் ஊகத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு பிள்ளையின் வலியை விட்டுவைக்கிறோம். இரண்டில் எது என்று தெரியாமல் நகர முடியாது. அம்மா, அப்பா, வழிகாட்டி மூவரிடமும் இப்படியே சொன்னேன். வழிகாட்டி ஒப்புக்கொண்டார். அவருக்குத் தன் முறையில் சந்தேகமே இல்லை. அதனால்தான் ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

சோதனை சிக்கலானதல்ல. வழிகாட்டி மாடிக்குப் போய்விடுவார். துணிப்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்துத் தம்பிக்குக் காட்டி, கையில் கொடுத்து, திரும்பப் பையில் போட்டுவிடுவோம். பிறகு அவர் இறங்கி வந்து, என்ன பார்த்தாய் என்று பலகையில் கேட்பார். முதலில் கேரம் ஸ்டிரைக்கர். அடுத்து மாங்காய். கடைசியில் அப்பாவின் லாரிச் சாவி. மூன்று தடவையும் வாக்கியம் வந்தது, அழகான வாக்கியம். ஒன்று அப்பாவின் அன்பைப் பற்றி. ஒன்றில்கூட அந்தப் பொருள் இல்லை.

அதற்குப் பிறகு, யாரும் கையைத் தொடாமல், நான்கு புகைப்படங்களைத் தரையில் பரப்பிக் கேட்டோம். ஸ்டிரைக்கரையும் சாவியையும் சரியாக எடுத்துக் கொடுத்தான். மாங்காய்க்கு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டான். (உப்பும் மிளகாய்த்தூளும் வைக்கும் அலமாரி முன்னால் நின்றான் என்றாள் அக்கா. அதைச் சரி என்றே நான் கணக்கு வைத்திருக்கிறேன்.)

தம்பி பார்த்ததை நினைவில் வைத்திருந்தான், சொல்லவும் முடிந்தது. பலகைதான் அவனுடையதாக இல்லை. இப்படிக் கையையோ பலகையையோ இன்னொருவர் பிடித்துக்கொள்ளும் முறைகளை 1990களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் இதே மாதிரி சோதித்திருக்கிறார்கள். பிடிப்பவருக்குப் பதில் தெரியாதபோது சரியான பதில் வரவில்லை. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018இல் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. பிடிப்பவர் ஏமாற்றுகிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. தனக்கே தெரியாமல் கை வழிகாட்டிவிடும். யாரும் தொடாமல், பலகையையும் யாரும் பிடிக்காமல், தானாகத் தட்டச்சு செய்யும் ஆட்டிசம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அது வேறு விஷயம்.

வழிகாட்டி ஒன்றும் பேசாமல் பலகையைப் பையில் வைத்தார். அடுத்த வாரம் வரவில்லை. அவருக்கு நான் இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. அம்மா என்னிடம் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பல்லுக்கு மட்டும் சரி என்றார்.

பல்

பக்கத்திலிருந்த ஒரு தனியார் பல் கிளினிக்கில் தம்பி நாற்காலியைப் பார்த்ததும் வெளியே ஓடினான். "இப்படியிருந்தா பார்க்க முடியாதும்மா, அடங்கினப்புறம் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்துப் போனது ஓர் அரசு மருத்துவமனைப் பல் பிரிவு. அங்கே இருந்த பெண் மருத்துவர் அவனை நாற்காலியில் ஏறச் சொல்லவே இல்லை. வராந்தாவில் தரையில் அவனோடு உட்கார்ந்தார். ஆயாவைப் பார்த்து முதலில் கேட்ட கேள்வி, "சூடா ஏதாவது குடிக்கிறானா?" ஆயா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இரண்டாவது கேள்வி, படுத்தால் அதிகமாகிறதா. பல் நரம்பு அழற்சியில் சூடு வலியைக் கிளப்பும், சில்லென்று வைத்தால் அடங்கும், படுத்தால் தலைக்கு ரத்த ஓட்டம் கூடித் தெறிக்கும் என்றார். பால் பாக்கெட்டைப் பற்றி அக்கா சொன்னதும், "தனக்குத் தானே வைத்தியம் பண்ணியிருக்கான்" என்றார்.

டார்ச் அடித்து ஒரு கணம் பார்க்க முடிந்தது. வலது கீழ்க் கடைவாய்ப்பல் பாதி இல்லை; ஈறு வீங்கியிருந்தது. மயக்கம் கொடுத்துத்தான் முழுதாகப் பார்க்க முடியும், அதற்குச் சில வாரம் ஆகும் என்றார். அதுவரை ஆன்டிபயாடிக். அதோடு வலி மாத்திரையை, அடித்துக்கொண்ட பிறகு தராமல், ஐந்து நாள் மணி பார்த்துத் தரச் சொன்னார். இது வைத்தியமாகவும் சோதனையாகவும் இருந்தது. அந்த ஐந்து நாளும் நோட்டில் ராத்திரிக் கட்டம் காலியாகக் கிடந்தது.

காத்திருந்த வாரங்களில் ஆறு புகைப்பட அட்டைகள் செய்தோம்: மெட்ரோ, மருத்துவமனை வாசல், கட்டில், மாஸ்க், தூக்கம், வீடு. உண்மையான இடங்களையே அக்கா செல்போனில் படம் எடுத்தாள். கேட்டில் நிற்பது அவனுக்கு ஆகாது என்பதால் தண்டையார்பேட்டை மெட்ரோவில் போனோம். 2021இல் அந்த வழித்தடம் வந்தது இவர்களுக்குப் பெரிய உபகாரம். இரண்டு தடவை சும்மா போய், கட்டிலைத் தொட்டுவிட்டுத் திரும்பினோம். மயக்க மருந்து மாஸ்க் போல ஒன்றை வாங்கி முதலில் ஆயா போட்டுக்கொண்டார். பிறகு கேரம் அண்ணன். மன்றத்துப் பையன்கள் நாலைந்து பேரும் வரிசையாகப் போட்டுச் சிரித்தார்கள். ஐந்தாம் நாள் தம்பி அதை வாங்கித் தன் மூக்கில் வைத்தான்.

ஏப்ரல் மூன்றாம் வாரம், காலையில் முதல் ஆளாக எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். நடுராத்திரியிலிருந்து பட்டினி, மதியம் வரை அவனால் தாங்க முடியாது. ஆயாவும் அன்று பல்லில் தண்ணீர் படாமல் இருந்தார். மயக்கத்தில் ஒரு பல்லை எடுத்து, மேல் பல் இரண்டை அடைத்தார்கள். எடுத்த பல்லின் வேரில் சீழ்க்கட்டி.

அதற்குப் பின்

பத்து நாளில் ராத்திரி நடை நின்றது. பால் பாக்கெட்டை அவன் தொடுவதில்லை. டீ சூடாகக் குடிக்கிறான். மே மாதத்திலிருந்து மனநல மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, செப்டம்பரில் பழைய அளவுக்கு வந்தது. கூடியிருந்த எடை அவ்வளவு சீக்கிரம் குறையவில்லை.

அடித்துக்கொள்வது அடியோடு நிற்கவில்லை. ஆறு மாதத்தில் அது அவனுக்கு ஒரு மொழியாகிவிட்டது. இப்போதும் ரயில்வே கேட்டில் நெடுநேரம் நிற்க நேர்ந்தால் கை கன்னத்துக்குப் போகிறது, ஆனால் இரண்டு மூன்று அடியோடு முடிகிறது. மையத்துக்குத் திரும்பப் போகிறான். அம்மாவே போய் அந்த டீச்சரிடம் நடந்ததைச் சொன்னார். அந்தச் சந்திப்புக்கு நான் போகவில்லை, போயிருக்க வேண்டும்.

ஃபைலில்தான் பெரிய மாற்றம். அந்த 22 அட்டைகளையும் ஒரு நாள் தரையில் பரப்பிப் பார்த்தேன். எல்லாம் 'கொடு'. 'வேண்டாம்' ஒன்று இல்லை. 'நிறுத்து', 'வலிக்குது' எதுவும் இல்லை. கேட்பதிலிருந்து தொடங்குவது தப்பில்லை. பட அட்டை முறைகள் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன; பிள்ளைக்கு உடனே பலன் கிடைக்க வேண்டும். நாங்கள் பத்து வருடம் அங்கேயே நின்றுவிட்டோம்.

'வேண்டாம்' அட்டை இரண்டே நாளில் பிடிபட்டது. பிடிபட்டதும் வீடு திண்டாடியது. தொடர்ந்து நான்கு நாள் குளியலுக்கு வேண்டாம் கொடுத்தான், மே மாத வெயிலில். அம்மா என்னிடம் கோபப்பட்டார்: "நீங்க கத்துக் கொடுத்தீங்க, நீங்களே வந்து குளிப்பாட்டுங்க." எதற்கெல்லாம் அவன் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், எதற்கு முடியாது என்று உட்கார்ந்து பேசினோம். சட்டை நிறம், சாப்பாட்டு அளவு, விருந்தாளி தோளில் கைபோட்டுக் கொஞ்சுவது, என் பாடம் எல்லாம் முதல் வகை. மாத்திரையும் பல் தேய்ப்பதும் இரண்டாவது. குளியல் நடுவில்: இன்று வேண்டாம் என்றால் நாளைக்குக் கண்டிப்பாக.

'வலிக்குது' அப்படி எளிதில் வரவில்லை. வலி இல்லாத நேரத்தில் வலியைக் கற்றுத்தர முடியாது. இருக்கும் நேரத்தில் பாடம் நடத்த முடியாது. ஆயாவின் முழங்கால்தான் வழி செய்தது. தினம் ராத்திரி அவர் தைலம் தேய்ப்பதற்கு முன் அட்டையை எடுத்து முழங்காலில் வைத்து, "வலிக்குதுடா" என்பார். பிறகுதான் தைலம் திறப்பார். அம்மா ஊசி குத்திய விரலில் வைத்தார். அண்ணன் இடுப்பில். ஐந்து மாதம் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அக்டோபரில் ஒரு ராத்திரி ஆயா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதே போய் அட்டையை எடுத்து வந்து அவர் முழங்காலில் வைத்தான். தனக்கென்று வைத்தது இதுவரை ஒரே தடவை, செருப்புக் கடித்த குதிகாலில்.

சென்னையிலேயே உருவான ஆவாஸ் போன்ற பேச்சுச் செயலிகள் இருக்கின்றனவே, டேப்லெட் வாங்கலாமா என்று அப்பா கேட்கிறார். வாங்கலாம். ஆனால் அட்டை ஃபைல் கூடவே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்; டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லாமல் கிடந்தது நினைவிருக்கிறது.

ஜூலையில் தம்பிக்கு 18 ஆனது. அறுவை சிகிச்சைக்கு அம்மாவே கையெழுத்துப் போட முடிந்தது அவன் அப்போது மைனர் என்பதால். இனி, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் பெற்றோர் சட்டப் பாதுகாவலராக விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பாதுகாவலரும் மாற்றுத்திறனாளியும் கலந்து முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலைப் பேசுகிறது. குடும்பம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. அவசரப்படுத்த எனக்கு மனமில்லை.

மறுபடி செய்தால்

பேசாத ஒருவரின் நடத்தை திடீரென்று மாறினால், முதல் வாரமே பல், காது, வயிறு, மலச்சிக்கல், சிறுநீர் எல்லாவற்றையும் மருத்துவரிடம் பார்த்துவிடுவேன். நடத்தை நோட்டு அதோடு சேர்ந்து ஓடட்டும், அதற்குப் பதிலாக வேண்டாம். நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: உடம்பில் எந்த இடம். அதற்கு மனித உருவம் ஒன்றை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்துவைத்திருக்கிறேன். பேனாவால் புள்ளி வைத்தால் போதும்.

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே நோட்டில் எழுதுவேன். 'டீ ஆறினாத்தான் குடிக்கிறான்' என்ற ஒரு வரி நவம்பரில் எழுதப்பட்டிருந்தால், டிசம்பரில் மனநல மருத்துவர் கண்ணில் பட்டிருக்கும்.

பலகையைப் பற்றி முதல் ஞாயிறே பேசியிருப்பேன். இரண்டு மாதம் கழித்துச் சொன்னபோது அம்மாவின் கையில் நாற்பது பக்கம் சேர்ந்துவிட்டிருந்தது. என் தயக்கத்துக்கு அவர் கொடுத்த விலை அது. அந்த வழிகாட்டியையும் இழந்திருக்க வேண்டியதில்லை. பலகை இல்லாமலும் அவரோடு தம்பி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான்.

பல் பரிசோதனை இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அடுத்த தேதியை ஆயா தினசரிக் காலண்டரில் மடக்கிவைத்திருக்கிறார். நீல நோட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது என்று அக்கா சொன்னாள். அம்மா அதை எடுத்துப் பார்க்கிறாரா என்று நான் கேட்கவில்லை.